மருமகன் கேட்ட ஒரு நாள் அவகாசம்



மதரசாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஒருவன் மோட்டார் எஞ்சினைப் பற்றி எழுத வந்திருப்பதைக் கண்டு வியக்காதீர்கள். கல்லூரியில் நான் பயின்றது வரலாறு. ஸ்பானர் பிடித்துப் பழகிய கையன்று என் கை. ஆயினும் எங்கள் வீட்டுப் பழைய கார் எனக்குக் கற்றுக் கொடுத்த பாடத்தை உங்களிடம் சொல்லாதிருக்க மனம் ஒப்பவில்லை. சற்றுப் பொறுமையுடன் கேளுங்கள்.

அந்தக் கார் 2002இல் என் வாப்பா வாங்கியது. மூன்று சிலிண்டர் கொண்ட சிறிய பெட்ரோல் கார். வாப்பா மறைந்த பின்னர் அதை விற்றுவிடலாம் என்று பலரும் சொன்னார்கள். உம்மா இசையவில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டபோது, ஜாபர்கான்பேட்டையில் எங்கள் தெருவிலும் வெள்ளம் புகுந்தது. காரின் இருக்கை வரை நீர் ஏறியது. துடைத்து, உலர்த்தி, ஆயில் மாற்றினோம், ஓடியது. பிறகு மழைக்காலங்களில் அவ்வப்போது அடம் பிடிக்கும். சென்ற ஆண்டு ஒரு காலையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றியது; பற்றவில்லை.

காரணம், இ.சி.யு. எனப்படும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி. கார்புரேட்டர் இருந்த காலத்துக் கார்களில் காற்று இழுக்கும் வேகத்திலேயே பெட்ரோல் உறிஞ்சப்பட்டுக் கலந்துவிடும். இன்ஜெக்டர் வந்த பிறகு, எவ்வளவு பெட்ரோலை எந்த நொடியில் பீய்ச்சுவது, பிளக்கில் தீப்பொறியை எப்போது எழுப்புவது என்பவற்றை எல்லாம் இந்தப் பெட்டியே முடிவு செய்கிறது. அதைத் திறந்து பார்த்தோம். வெள்ளம் விட்டுச் சென்ற பச்சைக் களிம்பு செம்புத் தடங்களைத் தின்று தீர்த்திருந்தது.

புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகக் கடைகளில் இரண்டு நாட்கள் அலைந்தேன். கிடைத்த பெட்டிகளுள் ஒன்று உயிரற்றது. மற்றொன்று வேறு மாடலுக்கு உரியது. அப்போதுதான் என் தங்கை மகன் ஒரு யோசனை சொன்னான். அவன் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவன்; கிண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறான்.

"மாமா, வெளியில் செய்த கண்ட்ரோலர் ஒன்றைப் பொருத்திவிடலாம். ஸ்பீடுயினோ என்று பெயர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜோஷ் ஸ்டூவர்ட் என்பவர் தொடங்கியது. அதன் வரைபடமும் நிரலும் எல்லாருக்கும் பொது. அதற்கு வேண்டிய ஆர்டுயினோ மெகா பலகை நம் ரிச்சி தெருவிலேயே கிடைக்கும்" என்றான்.

வாசகர்களே, இங்கே ஒரு விஷயத்தை ஊன்றிக் கவனியுங்கள். கம்பெனியில் பொருத்தி வரும் பெட்டிக்கு அந்தக் காரைப் பற்றிய அனைத்தும் முன்பே தெரியும். வெளியில் வாங்கும் பெட்டியோ ஒன்றும் அறியாதது. சிலிண்டர் எத்தனை, இன்ஜெக்டர் ஒரு நிமிடத்தில் எவ்வளவு பெட்ரோல் விடும், சென்சார்கள் எந்த வெப்பத்தில் என்ன அளவு காட்டும் என்று ஒவ்வொன்றையும் நாம்தான் சொல்லித் தர வேண்டும். எஞ்சினின் வேகம் ஒரு பக்கமும் சுமை ஒரு பக்கமுமாக 16க்கு 16, ஆக 256 கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணையை நிரப்ப வேண்டும். நாம் சொன்னதை அது அப்படியே நம்பும். நாம் பிழையாகச் சொன்னால், அந்தப் பிழையையும் நம்பும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது ஒரு கோணம். எஞ்சினின் கிராங்க் தண்டில் ஒரு பல் சக்கரத்தைப் பொருத்தினோம். 36 பற்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பல் மட்டும் இராது. அந்த வெற்றிடம் சென்சாரைக் கடக்கும் வேளையைக் கொண்டுதான் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பதைப் பெட்டி கணக்கிடுகிறது. அந்த வெற்றிடத்துக்கும் பிஸ்டனின் உச்சிக்கும் இடைப்பட்ட கோணத்தைத் தவறாகக் கொடுத்துவிட்டால், பிறகு போடும் கணக்கு அனைத்தும் தவறு. அதைச் சரிபார்க்க டைமிங் லைட் என்றொரு விளக்கு உண்டு. பிளக் பொறியும் அதே கணத்தில் அது மின்னி, புல்லியில் உள்ள குறியைக் காட்டிக் கொடுக்கும்.

மூன்று வாரம் மாலை வேளைகளில் பாடுபட்டு, மருமகன் எல்லாவற்றையும் இணைத்தான். கோணத்தைக் கண் மதிப்பில் கொடுத்தான். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உயிர் பெற்றது. உம்மா வாசலில் நின்று கண் கலங்கினார்கள்.

"மாமா, ஒரு நாள் பொறுங்கள். டைமிங் லைட் நாளை இரவல் கிடைக்கும். அதுவரை ரோட்டில் எடுக்க வேண்டாம்" என்றான் அவன்.

"ஓடுகிறதே அப்பா, இன்னும் என்ன?" என்றேன் நான்.

மறுநாளும் கேட்டான். அதற்கு மறுநாளும் கேட்டான். நான் காரை ஓட்டிக் கொண்டிருந்தேன். மாமன் சொல்லை மறுத்துப் பேசத் தெரியாத பிள்ளை, வாய் மூடிக் கொண்டான். மேட்டில் ஏறும்போதெல்லாம் எஞ்சினுக்குள் சோளம் பொரிவது போல ஒரு சத்தம் கேட்டது. பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக் கொண்டேன்.

நான்காம் நாள், உம்மாவைப் பல்லாவரத்தில் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். நூறடிச் சாலை வழியாகச் சென்று கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது அந்தச் சத்தம் பெரிதாகியது. திடீரென்று வேகம் அற்றது. பின்னால் நீலப் புகை. பாலத்தின் நடுவே கார் நின்றுவிட்டது. இரு புறமும் பேருந்துகளும் லாரிகளும் உராய்வது போலக் கடந்தன. பின்னிருக்கையில் பார்வை மங்கிய என் தாய், "என்னப்பா ஆயிற்று?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அந்த நிமிடங்களை இன்று நினைத்தாலும் என் உள்ளங்கை வியர்க்கிறது.

எஞ்சினைப் பிரித்தபோது ஒரு பிஸ்டன், வளையம் அமரும் இடத்தில் உடைந்திருந்தது. தீப்பொறி உரிய காலத்துக்கு மிக முந்தி எழுந்தால், பிஸ்டன் மேலேறி வரும்போதே அழுத்தம் எல்லை மீறிவிடும். எஞ்சிய கலவை தானாகவே வெடிக்கும். நான் கேட்ட சோளப்பொரிச் சத்தம், அந்த வெடிப்பு பிஸ்டனை அடித்த அடி. புதிய பிஸ்டன் போட்டு முடித்த பின், மருமகன் டைமிங் லைட்டைப் பிடித்துக் காட்டினான். பெட்டி 10 டிகிரி என்றது. புல்லியின் குறி 22 டிகிரியைக் காட்டியது. பன்னிரண்டு டிகிரிப் பிழை! அதைத் திருத்த அவனுக்கு ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை.

அவன் ஒரு சொல்லும் குத்திக் காட்டவில்லை. உம்மாவின் முன்னிலையில் நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடுங்கள் மாமா" என்று தலை குனிந்து கொண்டான்.

அதன் பிறகு அவன் போக்கிலேயே விட்டேன். புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் பொருத்தி, ஒவ்வொரு கட்டமாகத் திருத்தினான். கலப்பற்ற பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏறத்தாழ 13.5 பங்கே போதும். இந்த எரிபொருளை எதிர்பாராத காலத்தில் பிறந்த எங்கள் காருக்கு, அதற்கேற்பச் சற்றுக் கூடுதலாகப் பெட்ரோல் விட இப்போது வழி பிறந்தது. பழைய ரப்பர் குழாய்களையும் மாற்றினான். எஞ்சின் நின்றால் பெட்ரோல் பம்பும் உடனே நிற்கிறதா என்று மும்முறை சோதித்தான். விபத்து நேர்ந்தால் தீப்பிடிக்காமல் காப்பது அதுவே அல்லவா?

உங்களில் எவரேனும் இம்முயற்சியில் இறங்குவதாயின், இரண்டு சொற்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்து கொள்ளுங்கள். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றி எறியாதீர்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பவை நம் தெருப் பிள்ளைகளே.

இருபது ஆண்டுகளாக நான் பாடம் சொல்லித் தருகிறேன். முதல் பாடம் உறுதிப்படாத பிள்ளையை அடுத்த பாடத்துக்கு இழுத்துச் சென்ற நாட்கள் எத்தனையோ உண்டு. சென்ற வாரம் ஒரு சிறுவன், "உஸ்தாது, இன்னும் சரியாக வரவில்லை, நாளைக்கு ஒப்பிக்கட்டுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். முன்பாக இருந்தால் அதட்டியிருப்பேன்.

"சரி, நாளை வா" என்றேன். மறுநாள் பிழையின்றி ஒப்பித்தான்.