பேனாக் கோடு

அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு. பெண்களுக்குக் கட்டு மாற்றும் அறையில் இரண்டு கட்டில்கள், நடுவில் ஒரு பச்சைத் திரை. திரை பாதி தூரம்தான் வரும். இந்தப் பக்கம் அத்தை, வெந்நீர் கொட்டிய கையை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். அவள் பையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன்.

அந்தப் பக்கம் ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். இருபத்தைந்து வயதிருக்கலாம். நைட்டி தோளிலிருந்து இறங்கியிருக்கிறது. இரண்டு தோளிலும் ஒரு விரலைக் கிடத்தும் அளவுக்குப் பள்ளம். உள்ளாடைப் பட்டி வருஷக்கணக்காக அழுத்திய தடம். அறுவை முடிந்து எட்டு நாளாகியும் முதுகின் கூன் நிமிரவில்லை.

“ஜவுளிக்கடையில நின்னு பாக்குற வேலை சிஸ்டர். கழுத்து வலி, தோள் வலி. வெயில் வந்தா அடியில வேர்த்து வேர்த்துப் புண்ணாயிரும்” என்று அவளுடைய அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறாள். “ஸ்கூல் படிக்கையிலயே குனிஞ்சுதான் நடப்பா.” மகள் வாய் திறக்கவில்லை.

மார்பகத்தைக் குறைத்துக்கொள்வது அழகுக்காக என்று பேசுகிறவர்கள் இந்தத் தோள்களைப் பார்க்க வேண்டும்.

சிஸ்டர் பஞ்சை சலைனில் முக்கி, பிளாஸ்திரியின் ஓரத்தை நனைத்து நனைத்து உரிக்கிறார். அம்மா எட்டிப் பார்க்கிறாள். “ஐயோ, செவந்து கெடக்கே!”

“எது, இதா? பிளாஸ்திரி ஒத்துக்கலம்மா. ஒட்டுன எடம் மட்டும் கட்டம் போட்ட மாதிரி இருக்கு பாருங்க. அரிக்குதா பாப்பா?”

பெண் தலையசைக்கிறாள்.

“வேற மாத்தி ஒட்டிக்கலாம்.”

டாக்டர் வருகிறார், வயதில் இளையவர். தையலை மேலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறார். காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அங்கிருந்து நேர் கீழே ஒரு கோடு, அடி மடிப்பில் குறுக்காக இன்னொன்று. நங்கூர வடிவம். 1956இல் ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்க மருத்துவர் வெளியிட்ட அளவு முறையை ஒட்டி இன்றும் உலகமெங்கும் போடப்படும் தையல் இது. நேர்க்கோடும் குறுக்குக் கோடும் கூடுகிற அடி முனையில்தான் தோலுக்கு இழுவிசை அதிகம், ரத்த ஓட்டம் குறைவு. பிரிந்தாலும் பெரும்பாலும் அங்கேதான் பிரியும்.

“தையல் ஓரத்துல லேசா சிவந்திருக்கறது ஆறுறதுக்குத்தான். நாளாக நாளாகக் குறையணும். தழும்பு நிறம் மங்க ஒரு வருஷம்கூட ஆகும், பயப்படாதே.” பேசிக்கொண்டே வந்தவர் இடது பக்கத்து அடி முனையில் நின்றுவிடுகிறார். “இங்க எத்தன நாளா இப்படி?”

“அவ நெறமே அப்படித்தான் மேடம்” என்கிறாள் அம்மா.

டாக்டர் பதில் சொல்லாமல் புறங்கையை அந்த இடத்தில் வைக்கிறார். பிறகு வயிற்றில், வலது பக்கத்தில், மறுபடி அதே இடத்தில். அந்தக் கையை விட்டு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. ‘சிவந்தால் உடனே வரவும்’ என்று சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். நம் தோலில் சிவப்பு சிவப்பாகவா தெரிகிறது? மாநிறத்தில் கருஞ்சிவப்பு, கறுத்த உடம்பில் ஊதா ஓடிய ஒரு கருமை, சுற்றியிருப்பதைவிட ஒரு மாற்று கூடுதல், அவ்வளவுதான். மருத்துவப் பாடநூல்களில் வெகுகாலம் பெரும்பாலும் வெளுத்த தோலின் படங்களே இருந்தன. இங்கே கண்ணை மட்டும் நம்பினால் போதாது. சூடு இருக்கிறதா, கல்லாக இருக்கிறதா, பளபளவென்று வீங்கியிருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

“தொட்டா வலிக்குதா?”

“இல்ல மேடம், நல்லாத்தான்…”

“நீங்க இருங்கம்மா. அவ சொல்லட்டும்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “முந்தாநாள்லேர்ந்து வலிக்குது. சூடா இருக்கு.”

“ஏன் சொல்லல?”

“அப்பா, தம்பி எல்லாம் வீட்டுல இருந்தாங்க மேடம். ஒரே ரூமு.”

எந்தப் புண்ணையும் நாலு பேர் பார்த்து நாலு யோசனை சொல்லும் வீடுகள்தான் நம்முடையவை. மார்பில் புண் என்றால் மட்டும் அதைப் பார்க்க வெளிச்சமும் கிடைப்பதில்லை, சொல்ல ஆளும் கிடைப்பதில்லை. சீழ் பிடிப்பதற்கு அந்த இரண்டு நாள் தாராளம். எனக்கு நெஞ்சு பதறுகிறது.

“ஒத்தடம் குடுக்கட்டுமா மேடம்? மஞ்சப் பத்து?” அம்மாவின் குரல் தழுதழுக்கிறது.

“எதுவும் வேண்டாம்மா. ஆபரேஷன் பண்ண எடத்துல இப்ப உணர்ச்சி குறைவா இருக்கும். சூடு வெச்சா வெந்து போறதுகூட அவளுக்குத் தெரியாது. ஐஸும் வேண்டாம்.”

டாக்டர் சிஸ்டரிடம் பேனாவைக் கேட்டு வாங்குகிறார். கருமை முடிகிற விளிம்பைத் தடவித் தடவிக் கண்டுபிடித்து, அதை ஒட்டியே கோடு இழுக்கிறார். பக்கத்தில் தேதி, மணி. “இந்தக் கோட்டைத் தாண்டிப் பரவுதான்னு பாக்கணும். காய்ச்சல் 100.4ஐத் தொட்டாலோ, குளிர் எடுத்தாலோ, சீழ் வந்தாலோ காத்திருக்கக் கூடாது.” நிமிர்ந்து அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கிறார். “வீட்டுல வெச்சுப் பாத்துக்க முடியுமா? இல்ல, ரெண்டு நாள் வார்டுல இருக்கியா? ஊசி போட்டு, நாங்களே பாத்துக்கறோம்.”

அம்மா மகளைப் பார்க்கிறாள். “லீவு முடியுதேடி…”

“இருக்கேன் மேடம்” என்கிறாள் மகள், அம்மா முடிப்பதற்குள்.

சிஸ்டர் அட்மிஷன் சீட்டை எழுத ஆரம்பிக்கிறார். அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துணிமணி எடுத்துவர வீட்டுக்குக் கிளம்புகிறாள்.

“முன்பக்கம் திறக்கிற மாதிரி நைட்டியா ரெண்டு கொண்டாங்கம்மா. அப்படியே ஒரு தெர்மாமீட்டரும் வாங்கிக்குங்க, வீட்டுக்குப் போனப்புறம் வேணும்” என்கிறார் சிஸ்டர்.

“அது எங்க கெடைக்கும்?”

“கேட்டுக்கு எதுத்தாப்புல மெடிக்கல் இருக்கு.”