பன்னிரண்டாம் இடம்

மூங்கில்துறைப்பட்டைப் பலரும் அறிந்திருப்பது அதன் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையினால். தென்பெண்ணை ஆற்றை அடுத்த இவ்வூரில் அரவைக் காலம் தொடங்கிவிட்டால் கரும்பு ஏற்றிய வண்டிகள் இரவென்றும் பகலென்றும் பாராமல் சாலையோரத்தில் வரிசையாக நிற்கும். அந்த இரைச்சலுக்கிடையே, மாலை ஐந்து மணியானால் நம் பங்கு இல்லத்தின் பின்புறத்திலிருந்து வேறோர் ஓசை எழும். அது மண் தரையில் கூடைப்பந்து மோதும் ஓசை.

குருமடத்தில் பயின்ற நாள்களில் மாலை விளையாட்டு நமக்குக் கட்டாயமாக இருந்தது. அன்று பற்றிய ஆசை ஐம்பதைக் கடந்த பின்னும் விடவில்லை. ஆகவே இவ்வூருக்கு வந்த மறு ஆண்டே வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவரிடம் ஒரு கம்பமும் வளையமும் செய்து தரும்படி கேட்டோம். "ஒம்பது அடியில வெச்சா புள்ளைங்களுக்குச் சுலபமா இருக்குமே சாமி" என்றார் அவர். "வேண்டாம், பத்தடியே இருக்கட்டும்" என்றோம். அந்தப் பத்தடி பிற்பாடு நம்மையே அளக்கப் போகிறது என்பதை அன்று நாம் அறியவில்லை.

பத்தடி வந்த வரலாறு சுவையானது. 1891-ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் கிறிஸ்தவ இளைஞர் சங்கப் பயிற்சிப் பள்ளியின் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் கூரைக்குள்ளேயே ஆடத்தக்க ஓர் ஆட்டத்தை வகுக்கப் பணிக்கப்பட்டார். இவர் இறையியல் பயின்றவர். பீச்சுப் பழக் கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்து மேல்மாடத்தின் விளிம்பில் ஆணியடித்து மாட்டச் செய்தார். அவ்விளிம்பு தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. பிறகு 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். அவர் வகுப்பில் இருந்த மாணவர் 18 பேர். எனவே பக்கத்துக்கு ஒன்பது பேராக ஆடினார்கள். வந்திருந்த ஒருவனும் வெளியே நிற்கவில்லை! அணிக்கு ஐவர் என்ற விதி 1897-இல்தான் உறுதியாயிற்று. ஐவர் என்று வரையறுத்த அன்றே ஆறாமவனின் ஏக்கமும் பிறந்துவிட்டது எனலாம்.

நம் மாநிலத்தில் இவ்வாட்டம் வேரூன்றியதில், ஹாரி பக் என்பவர் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்குப் பெரும் பங்குண்டு. சென்னை இலயோலாக் கல்லூரி தன்னை நிறுவிய பெர்ட்ராம் அடிகளார் நினைவாக நடத்தும் போட்டிகளை நம் வாசகக் குடும்பங்களில் சிலராவது பார்த்திருப்பீர்கள். அத்தகைய போட்டிகளில் ஆடும் அணிகள் எவ்வாறு உருவாகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நாமும் சென்ற ஆண்டுதான் அறிந்தோம்.

பட்டப்படிப்பு மூன்றாண்டு. ஒவ்வொரு கோடையிலும் இறுதியாண்டு மாணவர் வெளியேறுகின்றனர். அணியில் இடங்கள் காலியாகின்றன. ஓர் அணியில் பன்னிருவர். அவர்களுள் களத்தில் நிற்பவர் ஐவர். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்த கையோடு பயிற்சியாளர்கள் ஆள் தேடத் தொடங்குகின்றனர். மாநில அணிக்கு ஆடிய இளைஞனைத் தேடி நான்கு கல்லூரிகள் ஓடும். கட்டணம் வேண்டாம், விடுதி இலவசம், உணவு இலவசம் என்று அவனை அழைக்கும். அந்த இடங்கள் இரண்டொரு நாளில் நிரம்பிவிடும். பொறியியல் கலந்தாய்விலோ விளையாட்டு வீரர்க்கென 500 இடங்கள் ஒதுக்கப்பட்டு, சான்றிதழ்களின் தகுதிப்படி தரவரிசை அமைகிறது. கலை அறிவியல் கல்லூரியின் பயிற்சியாளருக்குச் சான்றிதழ் மட்டும் போதாது. அவர் ஆடவிட்டுப் பார்க்கிறார், விசாரிக்கிறார், தயங்குகிறார். அவரை உறங்கவிடாமல் செய்வது கடைசி ஓரிரண்டு இடங்களே.

கடல் கடந்தும் இதே கவலைதான். அமெரிக்கக் கல்லூரிகளில் பயிற்சியாளர் சிறந்த இளைஞரை நவம்பரிலேயே கையொப்பமிடச் செய்துவிட்டு, எஞ்சிய ஒன்றிரண்டு இடங்களுக்காக ஏப்ரல், மே மாதங்களில் அலைவது நெடுங்கால வழக்கம். பெரிய கல்லூரி ஒன்றின் ஆண்கள் கூடைப்பந்து அணியில் 13 பேருக்குத்தான் உதவித்தொகை தரலாம் என்ற வரம்பு பல ஆண்டுகள் இருந்தது. 2025-இல் நீதிமன்றம் ஏற்ற புதிய ஏற்பாட்டின்படி, அதில் சேர்ந்த கல்லூரிகளில் அணிக்கு 15 பேர் என்றாயிற்று. எண் எதுவாயினும் என்ன? கடைசி இடம் என்று ஒன்று இருந்துகொண்டேதான் இருக்கும்.

அத்தகைய கடைசி இடம் ஒன்று சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் நம் வாசலுக்கு வந்தது. நம் மண் தரையில் ஆடிப் பழகிய இளைஞர் இருவர் ஒரு நகரத்துக் கல்லூரியின் தேர்வாட்டத்துக்குச் சென்று வந்திருந்தனர். ஒருவன் கரும்பு வெட்டும் தொழிலாளியின் மகன். ஆறடி மூன்றங்குல உயரம். மற்றவன் தேநீர்க் கடை நடத்தும் கைம்பெண்ணின் மகன். ஐந்தரை அடியைத் தாண்டாதவன். பந்து கைக்கு வந்தால் தான் எறிவதைவிட, நல்ல இடத்தில் நிற்பவனுக்குக் கொடுப்பதையே விரும்புபவன். இருவரும் முதல் வகுப்பிலிருந்து இணைபிரியாத நண்பர். (இரு வீட்டாரின் இசைவு பெற்றே இதனை எழுதுகிறோம். பெயர்கள் மட்டும் வேண்டாமென விட்டிருக்கிறோம்.)

அக்கல்லூரியின் பயிற்சியாளர் தொலைபேசியில் பேசினார். "ஃபாதர், பதினோரு பேர் ஆயிட்டாங்க. ஒரே ஒரு இடம்தான் பாக்கி. கூடைக்குக் கீழே நிக்க எனக்கு உயரமான பையன் தேவை. ரெண்டு பேரைப் பத்தியும் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்க. நடத்தை எப்படி, உடம்புல பழைய காயம் ஏதாவது இருக்கா, எல்லாம் எழுதுங்க" என்றார்.

அன்று மாலையே நெடியவனின் தந்தை வந்தார். வாசற்படியில் நின்றபடியே, "சாமி, முழங்காலைப் பத்தி மட்டும் எழுதிடாதீங்க" என்றார். டிராக்டரில் கரும்புக் கட்டு ஏற்றுகையில் மகன் சறுக்கி விழுந்து முழங்கால் ஜவ்வில் அடிபட்டிருந்தது. நான்கு மாதம் ஆகியும் ஓடி முடித்தால் வீக்கம் காணும். தேர்வாட்டத்தன்று பட்டை கட்டிக்கொண்டு, வலியை வெளிக்காட்டாமல் அரைமணி நேரம் ஆடியிருக்கிறான். "எங்க வம்சத்துல காலேஜ் வாசல மிதிக்கப் போறவன் அவன் ஒருத்தன்தான் சாமி" என்று சொல்லி, கைகூப்பிவிட்டுப் போனார் அம்மனிதர்.

நாம் கடிதம் எழுதினோம். நல்லவன், உழைப்பாளி, கீழ்ப்படிதல் உள்ளவன் என்று அவனைப் பற்றி உண்மையான சொற்களையே நிரப்பினோம். முழங்காலை விட்டுவிட்டோம். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆயினும் கடிதம் முழுவதும் பொய்யாக இருந்தது. கேட்ட கேள்விக்கு விடையை மறைத்து நல்ல சொற்களை அடுக்குவது வேறென்ன? அன்றிரவு உறக்கம் வரவில்லை. எழுந்து சன்னலருகே நின்றபோது நிலவொளியில் அந்தக் கம்பம் தெரிந்தது. பிள்ளைகளுக்குச் சுலபமாக இருக்கட்டுமென்று ஒன்பதடியில் வளையம் வைக்க மறுத்தோமே, இப்போது நாம் செய்திருப்பது என்ன என்ற கேள்வி நெஞ்சைக் குத்தியது. மேலும், அந்தக் காலோடு அவன் நாள்தோறும் இருவேளை ஓடினால் பிறகு அக்கால் எதற்கு ஆகும்? கல்லூரி வாசலைக் காட்டி அவனை வாழ்நாள் முழுதும் நொண்டவிடவும் கூடுமே! விடிந்ததும் அக்கடிதத்தைக் கிழித்தோம். முழங்காலையும் சேர்த்து வேறு எழுதினோம். அனுப்புமுன் தந்தையின் வீட்டிற்குச் சென்று, எழுதியதைப் படித்துக் காட்டினோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க சொன்னது நெசந்தான் சாமி. நெசத்த வெச்சு நான் என் மவனுக்கு என்ன பண்றது?" என்றார். அதற்கு அன்றும் நம்மிடம் விடையில்லை.

மூன்றாம் நாள் பயிற்சியாளர் அழைத்தார். "கால் குணமாகட்டும், அடுத்த வருஷம் வரச் சொல்லுங்க. ஆனா வாக்குக் கொடுக்க மாட்டேன். இப்போ அந்தச் சின்னப் பையனை அனுப்பி வைங்க" என்றார். உயரமன்றோ தேவை என்றீர்கள் என்று வியந்து கேட்டோம். அவர் சொன்ன விடை மறக்க முடியாதது: "உயரம் இனிமே எங்கேயும் கிடைக்காது ஃபாதர், எல்லாரும் எடுத்துட்டாங்க. அப்போ பன்னிரண்டாவது ஆளா யாரை எடுக்கணும்? ஒரு வருஷம் பெஞ்சிலேயே உக்காந்தாலும் முகம் கோணாம, அடுத்தவன் ஆடுறதைப் பார்த்துக் கை தட்டறவனை எடுக்கணும். பந்தைக் கொடுக்கத் தெரிஞ்சவனுக்கு அது வரும்."

செய்தியைச் சொன்னபோது குறியவன் மகிழவில்லை. "அது அவன் எடம் சாமி, நான் போக மாட்டேன்" என்று தலைகுனிந்து நின்றான். தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு நாள் இப்படியே கழிந்தது. மூன்றாம் நாள் காலை பேருந்து நிறுத்தத்தில் நாம் கண்ட காட்சி: குறியவனின் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நெடியவன் சற்றே காலைச் சாய்த்து நடந்து வருகிறான். பின்னால் மற்றவன் அழுதுகொண்டே வருகிறான். "நீ போய் எடத்தப் புடிச்சு வெய்யிடா. நான் வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிப் பெட்டியைப் பேருந்தில் ஏற்றினான் நெடியவன். இருவருள் யார் அன்று தோற்றவர் என்று நம்மால் சொல்ல இயலவில்லை.

கடைசி இடத்தைப் பற்றி அன்றிலிருந்து நாம் அதிகமாகச் சிந்திக்கலானோம். 1978-இல் அமெரிக்காவின் வில்மிங்டன் நகரப் பள்ளி ஒன்றில், முதன்மை அணிக்கு உயரம் தேவையென்று லிராய் ஸ்மித் என்ற நெடிய மாணவனை எடுத்துக்கொண்டு, அவனுடைய நண்பனை இளையோர் அணியிலேயே விட்டுவிட்டார்கள். விடப்பட்டவன் பெயர் மைக்கேல் ஜோர்டன். பிற்காலத்தில் உலகமே வியந்த ஆட்டக்காரர் அவர். பயிற்சியாளர் செய்தது பிழையென்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டு அந்த அணிக்கு உயரம்தான் குறைவாக இருந்தது. கடைசி இடம் ஒருவனுடைய மதிப்பை அளக்கும் கோலன்று. அணியில் எது குறைகிறது என்பதைக் காட்டும் கண்ணாடியே ஆகும். இதனை அறியாமல்தான் நம் பிள்ளைகள் "என்னை வேண்டாமென்று விட்டார்கள்" என்று மனமுடைகின்றனர். பெற்றோரும் உடன் சேர்ந்து உடைகின்றனர்.

நம் நாடே ஒருமுறை இத்தகைய இடத்தில் அமர்ந்ததுண்டு. 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் பல நாடுகள் புறக்கணித்ததால் ஏற்பட்ட வெற்றிடத்தில் இந்தியக் கூடைப்பந்து அணி அழைக்கப்பட்டது. ஆண்கள் பிரிவில் ஓர் ஆட்டத்திலும் வெற்றி பெறாமல் 12 அணிகளில் 12-ஆவதாக வந்தது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் இந்தியா அவ்வரங்கில் ஆடியதில்லை. பன்னிரண்டாம் இடம் என்று ஏளனம் செய்வோர், அங்கே நின்றவர் அவர்கள் மட்டுமே என்பதையும் எண்ண வேண்டும்.

பன்னிரண்டாம் இடம் என்றதும் நம் வாசகர்களுக்குத் திருத்தூதர் பணிகள் நூலின் முதல் அதிகாரம் நினைவுக்கு வராமல் இராது. யூதாசின் இடம் காலியானபோது இருவரை நிறுத்தினார்கள். சீட்டு மத்தியாவின் பெயருக்கு விழுந்தது. மற்றவரான பர்சபா என்னும் யோசேப்பைப் பற்றி அதன் பின் விவிலியத்தில் பேச்சே இல்லை. நாமும் மத்தியாவுக்கு விழா எடுக்கிறோம். ஆனால், முதல் நாளிலிருந்து உடனிருந்தும் சீட்டு விழாமற்போன அம்மனிதர் அன்று மாலை எப்படி வீடு திரும்பியிருப்பார் என்று, அந்தப் பேருந்து நிறுத்தத்திலிருந்து திரும்பி நடந்த போதுதான் நாம் முதன்முறையாக எண்ணிப் பார்த்தோம்.

நெடியவன் வீட்டில் முடங்கிக் கிடக்கவில்லை. அரசு மருத்துவமனையில் காட்டி, சொல்லிக் கொடுத்த பயிற்சிகளை விடாமல் செய்தான். பகலில் உரக்கடையொன்றில் கணக்கெழுதுகிறான். மாலையில் நம் மண் தரையில் சிறு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறான். அவனுடைய தந்தை ஆறு மாத காலம் நம்மோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனை நாம் குறையாகச் சொல்லவில்லை. அவருக்கு அந்த உரிமை உண்டு. பொங்கலுக்கு முதல் நாள் ஒரு கட்டுக் கரும்பைத் திண்ணையில் சாய்த்து வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சென்றார்.

இப்போது மீண்டும் தேர்வு முடிவுகள் வந்துவிட்டன. கல்லூரி அணியில் மீண்டும் இடங்கள் காலியாகியிருக்கின்றன. சென்ற வாரம் அதே பயிற்சியாளர் தொலைபேசியில், "ஃபாதர், அந்த உயரமான பையனைப் பத்தி ஒரு கடிதம் எழுதுவீங்களா?" என்று கேட்டார். எழுதிக்கொண்டிருக்கிறோம். இம்முறையும் முழங்காலைப் பற்றி எழுதுவோம். மருத்துவர் சொன்னபடி அது ஆறிவிட்டது என்று எழுதுவோம். சென்ற ஆண்டு மெய்யை எழுதியதால், இவ்வாண்டு எழுதும் மெய்யை அவர் நம்புவார்.

இடம் கிடைக்குமோ கிடைக்காதோ, அறியோம். பின்புறத்தில் பந்து மோதும் ஓசை கேட்கிறது. வளையம் இன்னும் பத்தடி உயரத்தில்தான் இருக்கிறது.