செவ்வாய்க்கு வீட்டிலிருந்தே வேலை

கொரோனா கால வேலைக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, செவ்வாயில் கியூரியாசிட்டி ஊர்தியை இயக்குகிறவர்களுடையது. 2020 மார்ச் 20 அன்று நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் அந்தக் குழுவினர் ஒருவர்கூட இல்லை. அவரவர் வீட்டில் இருந்தார்கள். ஊர்தியின் வேலையை முழுக்க வீட்டிலிருந்தே திட்டமிட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு நாளில் ஊர்தி, எடின்பரோ என்று பெயரிடப்பட்ட இடத்தில் பாறையைத் துளைத்து மாதிரி எடுத்துவிட்டது.

செவ்வாய்த் தரையை முப்பரிமாணத்தில் பார்க்க ஆய்வகத்தில் விசேஷக் கண்ணாடி உண்டு. அதற்கு ஈடுகொடுக்கும் கிராஃபிக்ஸ் திறன் வீட்டு லேப்டாப்பில் இல்லை. அதனால் சாதாரண சிவப்பு-நீலக் கண்ணாடிக்கு மாறினார்கள். (சிறுவர் புத்தகத்தோடு இலவசமாக வருமே, அதே வகைதான்!)

கருவிகூட எப்படியோ கிடைத்துவிடும். ஒரே அறையில் இருக்கும்போது பக்கத்து மேசைப் பேச்சு தானாகக் காதில் விழுமே, அதற்கு எங்கே போவது? குழுத் தலைவர் பதினைந்து சாட் சேனல்களை ஒரே நேரத்தில் கவனித்தார். இன்னொருவர் ஒவ்வொரு குழுவாக வீடியோவில் போய், விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் ஒன்றையேதான் புரிந்துகொண்டிருக்கிறார்களா என்று விசாரித்தார். திட்டமிட தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் கூடுதலாகப் பிடித்தது. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை.

நம் பக்கத்து மேனேஜர்கள் பலர் அந்த நாட்களில் விசாரித்தது, "ஏன் இன்னும் கேமரா ஆன் பண்ணல?"