செவியின் சாட்சியம்

இசையைக் கேட்டு இன்புறுதற்கு எவருக்கும் உரிமை உண்டு. ஆயின், அவ்விசையை வழங்கும் கருவி சிறந்ததோ அன்றோ எனத் தீர்ப்புக் கூறப் புகுபவர் முதலில் தமது செவியையே விசாரணைக்கு உட்படுத்த வேண்டியவராகின்றார். இக்கடமை எத்துணைக் கடினமானது என்பதை, யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வாழும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் தமது எழுபத்திரண்டாவது வயதிலே அறிந்துகொண்டார்.

அவருடைய மகன் ரொறன்ரோவிலே தொழில் புரிபவர். வானொலியில் நாதசுரக் கச்சேரி தொடங்கியதும் வீடு முழுவதையும் வாய்மூடியிருக்கச் செய்த தந்தையை அவர் மறக்கவில்லை. சென்ற முறை ஊருக்கு வந்தபோது, தந்தையின் ஓராண்டு ஓய்வூதியத்திலும் விலை கூடிய ஸ்ட்ரீமர் ஒன்றைக் கொண்டுவந்து, பழைய அம்பிளிபயரோடு தாமே பொருத்திவிட்டுச் சென்றார். அவர் திரும்பிப் போய்ச் சேர்ந்த அன்றிரவு தொலைபேசியில், “வீணைத் தந்தியிலை நகம் படுற சத்தங்கூடக் கேக்குது தம்பி” என்றார் ஆசிரியர். மகனுக்கு அளவிலா மகிழ்ச்சி. மிகை வேலை செய்து சேர்த்த பணம் பயனுற்றது என்னும் நிறைவு அவர் குரலிலே தெரிந்தது.

சில நாட்களின் பின்னர் ஆசிரியருக்கு ஐயம் பிறந்தது. அந்த ஐயத்துக்கு அவர் கற்பித்த கணிதமே காரணமாயிற்று. ஸ்ட்ரீமர் என்பது இணையத்தின் வழியே வரும் எண்களைப் பெற்று, சற்று நேரம் சேமித்து வைத்து, தனது மணிப்பொறியின் ஒழுங்குப்படி அவற்றை மின்னலையாக மாற்றித் தரும் கருவியாகும். வழியிலே தொலைந்துபோகும் எண்கள் மீண்டும் கேட்டுப் பெறப்படுகின்றன. ஆதலின், விலை மலிந்த கருவிக்கு வரும் எண்களும் விலையுயர்ந்த கருவிக்கு வரும் எண்களும் ஒன்றே. வேறுபாடு உண்டாயின், அது எண்ணை மின்னலையாக மாற்றும் இடத்திலும் அதற்குப் பின்னருமே தோன்றவேண்டும். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு, ஒலியலையைச் செக்கனுக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிற்றுகளாற் குறிக்கின்றது. குளோட் ஷனன் 1949இல் விளக்கிய மாதிரியெடுப்புத் தேற்றத்தின்படி, 22,050 ஹேட்சுக்குக் குறைந்த மீடிறன்களை மீட்டுத் தருவதற்கு இவ்வளவு போதுமானது. இளஞ்செவிக்கும் எல்லை ஏறத்தாழ 20,000 ஹேட்சே. அவ்வாறாயின், செக்கனுக்கு 192,000 அளவுகளும் 24 பிற்றுகளும் என்று பெருமை பேசும் கருவியிலே தாம் கேட்ட புதுமை யாது?

நம்பிக்கை செவியை ஆள வல்லது என்பதற்கு வரலாற்றிலே சான்றுகள் உண்டு. 1915 முதல் 1925 வரை எடிசனின் நிறுவனம் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ‘தொனிச் சோதனை’ என்னும் நிகழ்ச்சிகளை நடாத்தியது. பாடகியொருத்தி மேடையிலே இசைத்தட்டோடு சேர்ந்து பாடுவாள், விளக்குகள் அணைக்கப்படும், பாடுவது பெண்ணா பொறியா என அவையோர் மயங்குவர். இன்றைய செவிக்கு அந்த இசைத்தட்டுகள் இரைச்சலும் குறுகலும் மிகுந்தவை. பொறியின் குரலுக்கு இசையத் தமது குரலையே மாற்றிப் பாடியதாக, அம்மேடைகளிற் பாடிய அன்னா கேஸ் பிற்காலத்திலே கூறினார். கண்ணும் செவியை மயக்குவதுண்டு. புளொயிட் ரூல், ஷோன் ஒலிவ் ஆகியோர் 1994இல் வெளியிட்ட ஆய்விலே, ஒலிபெருக்கிகளைக் கண்ணாற் பார்த்துக் கேட்டோர் வழங்கிய புள்ளிகள், அவற்றைப் பாராது கேட்டபோது மாறிப்போயின.

எனவே ஆசிரியர், பொறியியல் பயிலும் தமது சகோதரியின் மகனை அழைத்துப் பரிசோதனை ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். ஒருபுறம் புதிய ஸ்ட்ரீமர். மறுபுறம் கைத்தொலைபேசியோடு இணைக்கும் விரலளவான மலிவு மாற்றி. இரண்டுக்கும் ஒரே பதிவு, ஒரே அம்பிளிபயர், ஒரே ஒலிபெருக்கிகள். மருமகன் முதலிற் சோதனைச் சுரம் ஒன்றை ஒலிக்கவிட்டு, ஒலிபெருக்கி முனைகளில் மின்னழுத்தத்தை அளந்தான். ஸ்ட்ரீமரின் ஒலி ஏறத்தாழ ஒன்றரைத் தெசிபெல் உயர்ந்திருந்தது. இச்சிறு உயர்வைச் செவி ‘உரப்பு’ என்று உணர்வதில்லை. ‘தெளிவு’ என்றும் ‘நிறைவு’ என்றுமே உணர்கின்றது. ஒலி தாழுந்தோறும் கீழ்ச்சுரங்களைக் கேட்கும் ஆற்றல் விரைந்து குறைவதை பிளெச்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினர். ஒலியைச் சற்று உயர்த்தினால் மிருதங்கத்தின் தொப்பி முழங்கத் தொடங்கும். ஆதலின் இரண்டும் தெசிபெல்லிற் பத்திலொரு பங்குக்குள், அஃதாவது மின்னழுத்தம் நூற்றுக்கு ஒரு பங்களவுக்குள், சமப்படுத்தப்பட்டன.

பின்னர் அம்பிளிபயர் ஒரு துணியால் மறைக்கப்பட்டது. ஆசிரியர் முதலில் இரண்டையும் வெளிப்படையாக வேண்டுமளவு கேட்டுப் பழகிக்கொண்டார். அதன்பின் மருமகன் அவருக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு முறையும் நாணயத்தைச் சுண்டி, விழுந்த பக்கத்துக்கேற்பக் கருவியைத் தெரிந்தான். 16 சுற்றுகள். வெறும் ஊகத்தால் 12 அல்லது அதற்கு மேற்பட்ட சுற்றுகளிற் சரியாகக் கூறுவதற்கு நிகழ்தகவு நூற்றுக்கு நான்கிலும் குறைவு என்பதை ஆசிரியரே தாளிலே கணித்து வைத்திருந்தார். அவர் சரியாகக் கூறியது 9 சுற்றுகளில் மாத்திரமே. நகம் தந்தியில் படும் ஓசை மலிவு மாற்றியிலும் அவ்வாறே கேட்டது. அது பதிவிலே இருந்தது. நாற்பது ஆண்டுகளாக இத்துணைக் கவனத்தோடு அவர் அதற்குச் செவி கொடுத்ததில்லை.

அத்துடன் முடிந்திருந்தால் அது கருவியின் தோல்வி எனப்பட்டிருக்கும். மருமகன் விளையாட்டாக, மீடிறன் படிப்படியாக உயரும் ஒலியொன்றை இயக்கினான். 8,000 ஹேட்சைக் கடந்ததும் அறையில் அமைதி நிலவுவதாக ஆசிரியர் எண்ணினார். கதவடியில் நின்ற மகளின் பிள்ளை, பன்னிரண்டு வயதுச் சிறுமி, காதுகளைப் பொத்திக்கொண்டு, “அம்மப்பா, உங்களுக்கு உது கேக்கேல்லையோ?” என்றாள். ஒலி அப்போது 14,000 ஹேட்சிலே நின்றது. ஆசிரியர் மறுமொழி கூறவில்லை. சற்று நேரத்தின் பின் அவளையும் அதே நாற்காலியில் இருத்தி 16 சுற்றுகளும் கேட்பித்தார். அவள் சரியாகக் கூறியவை 7.

இம்முடிவிலிருந்து ஸ்ட்ரீமர்கள் யாவும் ஒன்றே என்று முடிவுகட்டிவிட இயலாது. அந்த அறையில், அந்தக் கருவிகளிடையே, அவ்விரு சோடிச் செவிகளும் வேறுபாட்டைக் காணவில்லை என்பதே அதன் பொருள். பரந்த ஆய்வுகளும் இவ்வாறான நிதானத்தையே வேண்டிநிற்கின்றன. மேயர், மோறன் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தரப் பதிவை நேரடியாகவும், குறுந்தட்டின் தரத்துக்குக் குறைத்தும் கேட்பித்தபோது, 554 சுற்றுகளில் 276 மாத்திரமே சரியாயின. நாணயம் சுண்டினும் அவ்வளவே கிடைத்திருக்கும். அதேவேளை, பல ஆய்வுகளை ஒருங்கே நோக்கிய ஜொசுவா ரைஸ், சிறியதாயினும் உண்மையான வேறுபாட்டைச் சிலர் உணர்கின்றனர் என்றும், பயிற்சி பெற்றோரிடம் அவ்வாற்றல் கூடுதலாக உண்டு என்றும் 2016இல் எடுத்துக்காட்டினார்.

மறுநாள் மருமகன், சுவர் மூலைகளிலே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஒலிபெருக்கிகளை மூன்றடி முன்னே இழுத்துவைத்தான். மூலைச் சுவர்கள் பெருக்கிக்கொண்டிருந்த கீழ்ச்சுர முழக்கம் அடங்கிற்று. மிருதங்கத்தின் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே விழுந்தது. இதனை அறியத் துணியும் நாணயமும் தேவைப்படவில்லை, சமையலறையில் நின்ற ஆசிரியரின் மனைவி, “என்ன, பாட்டு மாறிப்போச்சே?” என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்தார். எண்களை மின்னலையாக்கும் கருவியைக் காட்டிலும், மின்னலையைக் காற்றிலே அசைக்கும் ஒலிபெருக்கியும், அவ்வொலி மோதித் திரும்பும் அறையும் கேட்பவர் செவியைப் பெரிதும் ஆளுகின்றன.

எஞ்சியிருந்தது மகனுக்குச் சொல்லவேண்டிய செய்தி. இரண்டு வாரங்களாக அவர் தொலைபேசியில் மழையைப் பற்றியும் கோயில் திருவிழாவைப் பற்றியுமே பேசினார். பொய்யொன்றை விட்டுவைப்பது மகனின் அன்புக்குச் செய்யும் மரியாதை என்று ஒரு மனமும், முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளிடம் நிறுவலைக் கேட்டவர் நிறுவாத ஒன்றைச் சொல்லலாகாது என்று மறுமனமும் கூறின. ஈற்றில் 9 என்ற எண்ணையும் 8,000 என்ற எண்ணையும் அவர் மறைக்காது சொன்னார்.

மறுமுனையில் சிறிது மௌனம். “அப்ப நான் உதை வாங்கினது வீணோ அப்பா?”

“வீணில்லைத் தம்பி. ராஜரத்தினம்பிள்ளையை இப்ப ஒவ்வொரு நாளும் கேக்கிறன். அதுக்கு இந்தக் காது போதும்.”

அவர் கூறியதிலே சமாதானம் மாத்திரமன்றி உண்மையும் இருந்தது. 1956இல் மறைந்த திருவாவடுதுறை ராஜரத்தினம்பிள்ளையின் பழைய இசைத்தட்டுகளில் உயர் மீடிறன்கள் பெரும்பாலும் பதிவாகவேயில்லை. ஆசிரியர் இளமையிற் கேட்ட மத்திய அலை வானொலியிலும் ஏறத்தாழ 5,000 ஹேட்சுக்கு மேற்பட்டவை பெரும்பாலும் வந்து சேர்வதில்லை. அவரை வாய்மூடியிருக்கச் செய்த தோடி அந்த எல்லைக்குள்ளேயே வந்தது. கடையிலும் பெட்டியிலும் கிட்டாதிருந்த அப்பதிவுகளை வீட்டுக்குள் கொண்டுவந்ததே அந்த ஸ்ட்ரீமர் செய்த பேருதவி. ஆயினும், அவ்வுதவியை அந்த மலிவு மாற்றியும் செய்திருக்கும் என்பதை அவர் அறிவார். அதனை மாத்திரம் அன்று அவர் கூறவில்லை.

மகன் கருவியைப் பற்றி மேலும் பேசவில்லை. “காது டொக்டரிட்டைக் காட்டினீங்களோ?” என்று கேட்டார். அடுத்த கிழமை ஆசிரியர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் சென்றார். தாம் 16 சுற்றுகளையும் குறித்துவைத்த தாளையும் மடித்து எடுத்துச் சென்றார்.