எனக்குப் பிடித்த எதிரணிக்காரர்

கோவையில் எங்கள் கல்லூரி அணியில் மூன்று வருஷமாக நான் இரண்டாவது இடக்கை சுழல்பந்துக்காரன். அதாவது, தண்ணி பாட்டில் தூக்குகிறவன்! போன மாதம் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்போது தாத்தா கேட்டார்: "கண்ணு, ஷிவால்கர் தெரியுமா உனக்கு? நம்மாளுகளைச் சேப்பாக்கத்துல சுருட்டிப் போட்டானாக்கும்!"

தேடிப் பார்த்தேன். 1972-73 ரஞ்சி இறுதிப்போட்டி. பம்பாய் எடுத்ததே 151, 113 தான். ஆனால் தமிழ்நாடு 80, 61க்கு ஆல் அவுட். பத்மாகர் ஷிவால்கர் முதல் இன்னிங்ஸில் 16 ரன் கொடுத்து 8 விக்கெட், அடுத்ததில் 18 ரன்னுக்கு 5. மூன்றாம் நாள் முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்தது.

இவர் இந்தியாவுக்கு ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை என்றால் நம்புவீர்களா? பிஷன் சிங் பேடியும் இடக்கை சுழல். இருந்த இடம் ஒன்றுதான். அரியானாவின் ராஜிந்தர் கோயலுக்கும் இதே கதை. ரஞ்சியில் 637 விக்கெட், இன்றும் அதுதான் சாதனை. அவருக்கும் டெஸ்ட் தொப்பி கிடைக்கவில்லை.

ஆனாலும் ஷிவால்கர் பம்பாய்க்கு வீசிக்கொண்டே இருந்தார். ஓய்வு பெற்ற பிறகும், 1987-88ல் கூப்பிட்டபோது 47 வயதில் வந்து வீசினார். மொத்தம் 589 முதல்தர விக்கெட். 2017ல்தான் இருவருக்கும் சி.கே.நாயுடு வாழ்நாள் சாதனை விருது கிடைத்தது. 2025 மார்ச் 3ஆம் தேதி ஷிவால்கர் காலமானார்.

எங்கள் அணியின் முதல் சுழல்பந்துக்காரன் பேடி இல்லை. நானும் ஷிவால்கர் இல்லை. ஆனால் நாளைக் காலை ஆறு மணிக்கு நெட்ஸ் இருக்கிறது. பாட்டிலோடு பந்தையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.