எழுதி மறைத்த உடன்படிக்கை

கூட்டணி மந்திரிசபை என்றாலே பேரமும் நிர்ப்பந்தமுந்தான் என்றும், ஆஸ்திரேலியா போன்ற தேசங்களில் அந்த அவலம் கிடையாது என்றும் சென்னையிலிருக்கும் என் மைத்துனர் தொலைபேசியில் தீர்ப்பு வழங்கிவிட்ட பின், சிட்னிவாசியாகிவிட்ட நான் வாளாவிருப்பது நியாயமன்று.

இந்நாட்டு அரசியலில் நான் மனமார வியப்பது ஒன்று உண்டு. கரியமில வாயு உமிழ்வுக்கு விலை வைக்கும் மசோதாவை ஆதரித்த மால்கம் டர்ன்புல்லை 2009 டிசம்பரில் 42க்கு 41 என்ற கணக்கில் தலைமையினின்று இறக்கிவிட்டு, டோனி அபட்டின் கீழ் லிபரல் கட்சி அதை எதிர்க்கத் துணிந்தபோது, அக்கட்சியின் செனட்டர்களான ஜூடித் டிரோத், சூ பாய்ஸ் இருவரும் மனச்சாட்சியின் வழியே எதிர்வரிசைக்கு நடந்து சென்று வாக்களித்தனர். மசோதா தோற்றது; அவர்களுடைய பதவி போகவில்லை. நம் நாட்டில் கொறடாவின் ஆணையை மீறினால் 1985ஆம் ஆண்டின் கட்சித்தாவல் தடைச்சட்டம் பாய்ந்துவிடும்.

ஆனால் அந்தரங்கத்தில் நடப்பது வேறு. விவசாயப் பிரதேசங்களையும் குவீன்ஸ்லாந்தின் நிலக்கரி மாவட்டங்களையும் கோட்டையாகக் கொண்ட நேஷனல் கட்சியின் தயவு இல்லாமல் லிபரல்கள் ஆட்சி அமைப்பது அரிது. ஆகவே 2015இல் பிரதம மந்திரியான டர்ன்புல், தாம் எதற்காகத் தலைமையை இழந்தாரோ அந்தக் கொள்கையையே கைவிட்டு, அபட்டின் பருவநிலைக் கொள்கையைத் தொடர்வதாக நேஷனல்களுக்கு உறுதியளிக்க நேர்ந்தது. அவ்வுடன்படிக்கை எழுத்தில் உண்டு, பிரசுரமாகவில்லை. 2018 ஆகஸ்டில் மின்சாரத் துறைக்கான உமிழ்வுக் குறைப்பு இலக்கை உட்கட்சிக் கலகத்துக்கு அஞ்சிக் கைவிட்டும் அவர் பதவி தப்பவில்லை. பிறகு 2019–20இல் காட்டுத்தீயின் புகை சிட்னியை மூடி நாங்கள் மூச்சுத் திணறினோம். அப்படியிருந்தும், 2050க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்ஜியமாக்கும் வாக்குறுதி, கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டை ஒட்டி 2021 அக்டோபரில்தான், அதுவும் நேஷனல்களுக்கு மந்திரிசபையில் ஓர் இடம் கூடுதலாகக் கிடைத்த பின்பே பிறந்தது. அப்பேரத்தின் முழு விவரம் அன்று பிரஜைகளுக்குச் சொல்லப்படவில்லை.

டில்லியிலும் இலாகாக்களுக்காகப் பேரம் நடந்ததை நான் மறுக்கவில்லை. ஆயினும் 2004இல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி தன் குறைந்தபட்சப் பொதுத்திட்டத்தை அச்சிட்டுப் பகிரங்கமாக வெளியிட்டது. வாக்குத் தவறியவிடத்து அதைக் காட்டிக் கேள்வி கேட்க எந்தத் தமிழனுக்கும் ஆதாரம் இருந்தது. இவ்விஷயத்தில் நம் தேசமே மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

2025 மேயில் தேர்தலில் தோற்ற கையோடு லிபரல், நேஷனல் கட்சிகள் பிரிந்து, சில நாட்களிலேயே மீண்டும் சேர்ந்தன. நவம்பரில் முதலில் நேஷனல்களும், இரு வாரத்துக்குள் லிபரல்களும் அந்தப் பூஜ்ஜிய இலக்கைக் கைவிட்டனர். தொழிற்கட்சி சர்க்கார் 2035க்கு 62 முதல் 70 சதவீதக் குறைப்பை அறிவித்திருக்கிறது; ஆயினும் காற்றாலைக்கும் மின்பாதைக்கும் முதலிடுபவன் பல பத்தாண்டுக் கணக்குப் போடவேண்டியவனாதலால், அடுத்த தேர்தலையும் எண்ணித் தயங்குகிறான். லிபரல்களும் நேஷனல்களும் மறுபடி ஆட்சிக்கு வந்து உடன்படிக்கை எழுதுவார்களாயின், மை உலருமுன் அதைப் பார்லிமெண்டின் மேஜைமேல் வைக்கவேண்டும் என்று சட்டமே இயற்றவேண்டும்.