ரிச்சர்ட்ஸ் அடித்துக்கொண்டிருந்தபோது கிளம்பிய பஸ்

நெய்வேலிக்காரர்கள் இரண்டு பேர் எங்கே சந்தித்துக்கொண்டாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எந்த வட்டம்?" அடுத்தது, அப்பா சுரங்கமா, தெர்மலா, உரத் தொழிற்சாலையா என்பது. இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்களாக இருந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் பேச்சு 1983-க்கு வந்து நிற்கும். ஜூன் 25, சனிக்கிழமை. லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மோதிய உலகக் கோப்பை இறுதி ஆட்டம். "அன்னிக்கு ராத்திரி எங்க கேட்டீங்க?" என்று ஆரம்பித்தால் ஆளுக்கொரு கதை வரும், எல்லாக் கதையிலும் ஒரு ரேடியோ இருக்கும், ஒரு ஷிப்ட் பஸ் இருக்கும்.

ஷிப்ட் பஸ் இல்லாமல் நெய்வேலியைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது கறுப்பாக ஏதோ கலந்து வந்ததே, அங்கிருந்துதான் எங்கள் ஊரின் கதை தொடங்குகிறது. 1956-ல் நெய்வேலி லிக்னைட் நிறுவனம் பிறந்தது. மறு ஆண்டு மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் முதல் பழுப்பு நிலக்கரி வெளியே வந்தது. ஜெர்மனியிலிருந்து ராட்சதச் சக்கரங்கள் கொண்ட இயந்திரங்கள் வந்தன. சோவியத் உதவியோடு 600 மெகாவாட் அனல் மின் நிலையம் எழுந்தது. இவற்றை ஓட்ட ஆட்கள் வேண்டுமே! தஞ்சாவூர், திருநெல்வேலி, பாலக்காடு, நெல்லூர் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். எண் போட்ட வட்டங்களில், ஒரே மாதிரியான குவார்ட்டர்ஸ்களில், ஒருவரை ஒருவர் முன்பின் அறியாத குடும்பங்கள் வரிசையாகக் குடியேறின.

எங்கள் தெருவும் அப்படித்தான். எதிர் வீட்டில் திருநெல்வேலி அண்ணாச்சி. பக்கத்தில் பாலக்காட்டு மாமா. கடைசி வீட்டில் ஓர் ஆந்திரக் குடும்பம். அம்மாக்களுக்குள் குழம்புக் கிண்ணம் போய் வரும். லெக்கோ என்ற பழுப்பு நிலக்கரிக் கட்டி போட்ட அடுப்பு சரியாகப் பிடிக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டிலிருந்து தணல் வரும். ஆனால் பொங்கல் விடுமுறை வந்தால் தெருவே காலியாகும். "ஊருக்குப் போறோம்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் பஸ் ஏறுவார்கள். எல்லோருக்கும் ஊர் என்பது வேறு எங்கோ இருந்தது. நெய்வேலி வேலை பார்க்கும் இடம்.

அன்றைக்கு எங்கள் தெருவில் டி.வி. கிடையாது. அண்ணாச்சி வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. போட்டவுடன் பாடாது, சூடேற வேண்டும். பச்சை விளக்கு மெல்லப் பிரகாசமாகி, அதற்குப் பிறகே குரல் வரும். அதன் பின்பக்கத்திலிருந்து ஒரு செம்புக் கம்பி ஜன்னல் வழியாக வெளியேறி முற்றத்துப் பலா மரத்தின் கிளையில் கட்டப்பட்டிருக்கும். சிற்றலை பிடிக்க அந்தக் கம்பிதான் ஆதாரம். அன்று மத்தியானமே அண்ணாச்சி ரேடியோவைத் தூக்கி, வெளியே பார்த்தபடி ஜன்னல் திண்டில் வைத்துவிட்டார். தெருவுக்கே கேட்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் ஆட்டம் தொடங்குவதற்குள் தெருவே அங்கே இருந்தது. பலாப்பழக் காலம். யாரோ ஒரு பழத்தை அரிந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த இறுதி ஆட்டம் எனக்கு இன்றும் பலாச்சுளை வாசனையோடுதான் நினைவுக்கு வருகிறது.

ஜெயிப்போம் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. முதல் இரண்டு உலகக் கோப்பைகளில் இந்தியா ஜெயித்த ஒரே ஆட்டம் 1975-ல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு எதிரானது. மேற்கிந்தியத் தீவுகளோ அந்த இரண்டு கோப்பைகளையும் வென்ற அணி. ஆனாலும் அந்த முறை ஏதோ மாறியிருந்தது. முதல் ஆட்டத்திலேயே அவர்களை 34 ரன்னில் நம் அணி தோற்கடித்திருந்தது. ஜிம்பாப்வேக்கு எதிராக 9 ரன்னுக்கு 4 விக்கெட் போன நிலையில் கபில்தேவ் இறங்கி 175 அடித்த கதையைப் பேப்பரில் படித்து, அதை மைதானத்தில் ஆளுக்கொரு விதமாக நடித்துக் காட்டிக்கொண்டிருந்தோம். இங்கிலாந்தை அரையிறுதியில் வீழ்த்திய பிறகு, "வந்ததே பெருமை" என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

எங்கள் ஊருக்கு இன்னொரு தனிக் காரணமும் இருந்தது. நம் அணியின் தொடக்க ஆட்டக்காரர் ஸ்ரீகாந்த் கிண்டி பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரிகல் படித்தவர். நெய்வேலியிலோ அனல் மின் நிலையத்திலும் சுரங்கத்திலும் கிண்டியில் படித்த எஞ்சினியர்கள் நிறைய. "நம்ம காலேஜ் பையன்" என்று அவர்கள் சொல்லும்போது, சொந்தத் தம்பி லார்ட்ஸில் நிற்பது போன்ற பெருமை குரலில் இருக்கும். கவாஸ்கர் 2 ரன்னில் போன பிறகும் அந்தப் பையன் அடங்கவில்லை. ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங் என்று உலகமே பயந்த நால்வரையும் எதிர்கொண்டு 38 ரன். முட்டி போட்டு ராபர்ட்ஸை ஸ்கொயர் டிரைவ் அடித்தபோது வர்ணனையாளரின் குரலே ஒரு படி ஏறியது. எஞ்சினியர் சார் ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று கைதட்டினார். இரண்டு அணிகளையும் சேர்த்து அன்றைக்கு அதுதான் மிக உயர்ந்த ஸ்கோர்.

இந்தியா 183-க்கு ஆல் அவுட். கடைசி விக்கெட்டுக்கு கிர்மானியும் சாந்துவும் சேர்த்த 22 ரன்னை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அறுபது ஓவரில் 184 ரன் என்பது அந்த அணிக்கு ஒரு பொருட்டே இல்லை என்று தோன்றியது. சாந்து கிரீனிட்ஜை 1 ரன்னில் போல்டாக்கியபோது ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. பிறகு விவியன் ரிச்சர்ட்ஸ் வந்தார். 28 பந்தில் 33 ரன், ஏழு பவுண்டரி. ஒவ்வொரு பவுண்டரிக்கும் தெருவில் ஒருவர் எழுந்து வீட்டுக்குப் போனார்.

அந்த நேரத்தில்தான் ஷிப்ட் பஸ் வந்தது. அப்பாவுக்கு அன்று இரவு ஷிப்ட். சாப்பாட்டுப் பையும் ஹெல்மெட்டுமாக ஜன்னலடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், பஸ் ஹாரன் அடித்ததும் அண்ணாச்சியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "அவ்வளவுதான் அண்ணாச்சி. இனிமே என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டு ஏறினார். லீவு போட்டிருக்கலாமே என்று இன்றைக்குக் கேட்பவர்கள் உண்டு. நெய்வேலிச் சுரங்கத்தின் இயல்பு தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு ஆர்ட்டீசியன் நீர் இருக்கிறது. இரவு பகலாக அதை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தின் தரை தாங்கும். விட்டால் தரையைப் பெயர்த்துக்கொண்டு மேலே வரும். பம்புகள் நிற்கக் கூடாது. தீபாவளிக்கும் நிற்கக் கூடாது, உலகக் கோப்பைக்கும் நிற்கக் கூடாது. அந்தப் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில்தான் அப்பா இருந்தார்.

பஸ் தெருமுனை திரும்பிக் கொஞ்ச நேரம்தான் இருக்கும். ரிச்சர்ட்ஸ் தன்னை அடித்து நொறுக்கிய பிறகும் இன்னொரு ஓவர் கொடுங்கள் என்று கபிலிடம் கேட்டு வாங்கியிருந்தார் மதன்லால். பந்து உயரே போவதாக வர்ணனையாளர் சொன்னார். சரியாக அந்த நொடியில் சிற்றலை மங்கிவிட்டது. குரல் கிணற்றுக்குள் போன மாதிரி ஆகி, வெறும் இரைச்சல். அண்ணாச்சி குமிழைத் தொடவில்லை. திருப்பினால் மொத்தமாகப் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். பாலக்காட்டு மாமா மட்டும் எழுந்து போய்ப் பலாக் கிளையில் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரல் திரும்பி வந்தபோது அதற்குப் பின்னால் பெருங்கூட்டத்தின் ஆரவாரம். ரிச்சர்ட்ஸ் அவுட். மிட்விக்கெட்டிலிருந்து பின்பக்கமாக ஓடி, தோளுக்கு மேலே வந்த பந்தைப் பிடித்திருக்கிறார் கபில். அந்த கேட்ச்சைப் பிற்காலத்தில் டி.வி.யில் பலமுறை பார்த்தாயிற்று. எனக்குள் இருப்பது அந்த இரைச்சலும், கம்பியைப் பிடித்தபடி நின்ற மாமாவும்தான்.

கோம்ஸ் போனார். லாய்டும் போனார். இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்த பஸ் ஆட்களை இறக்கிவிட்டபோது ஸ்கோர் 76-க்கு 6. அழுக்குச் சட்டையும் காலில் சுரங்கத்து மண்ணுமாக வந்தவர்கள் வீட்டுக்குள் போகவே இல்லை. சாப்பாடு தெருவுக்கு வந்தது. நம்பிக்கையை விட்டுவிட்டுப் போன ஆட்கள் சுரங்கத்துக்குள் இருந்தார்கள். நம்ப முடியாமல் கேட்டுக்கொண்டிருந்த ஆட்கள் தெருவில் இருந்தார்கள். மனைவிமார்களும் பிள்ளைகளும் ஒரே தவிப்பில் இருந்தார்கள்: உள்ளே இருக்கிறவர்களுக்கு இதை யார் சொல்வது?

டுஜோனும் மார்ஷலும் நிலைத்து நின்று 43 ரன் சேர்த்த நேரம் கொடுமையானது. யாரும் இடத்தை மாற்றவில்லை. எழுந்தால் ராசி போய்விடும் என்று உட்கார்ந்த இடத்திலேயே உட்கார வைக்கப்பட்டோம். ஆந்திரத்துப் பாட்டி ஒருவர், கிரிக்கெட் என்றால் என்ன என்றே தெரியாதவர், வேங்கடாசலபதிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்தார். மொகிந்தர் அமர்நாத் டுஜோனை போல்டாக்கினார். அடுத்து மார்ஷலையும் எடுத்தார். ராபர்ட்ஸை கபில் எல்.பி.டபிள்யூ. செய்தார். நள்ளிரவை ஒட்டி, ஹோல்டிங்கின் காலில் அமர்நாத்தின் பந்து பட்டது. மேற்கிந்தியத் தீவுகள் 140. நாற்பத்து மூன்று ரன் வித்தியாசத்தில் இந்தியா உலகச் சாம்பியன்.

அதற்கப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல வரவில்லை. வட்டம் முழுக்க விளக்குகள் எரிந்தன. பக்கத்துத் தெருக்காரர்கள் இங்கே வந்தார்கள், நாங்கள் அங்கே ஓடினோம். அதுவரை தலையசைப்போடு நின்றிருந்த மனிதர்கள் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். மலையாளமும் தெலுங்கும் திருநெல்வேலித் தமிழும் ஒரே நேரத்தில் கேட்டன. அண்ணாச்சி அழுதுகொண்டிருந்தார்.

சுரங்கத்துக்குள் செய்தி போன விதத்தை அப்பா காலையில் சொன்னார். யாரோ வெளியிலிருந்து கன்ட்ரோல் அறைக்கு டெலிபோன் செய்திருக்கிறார்கள். அங்கிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும், ஒவ்வொரு பம்ப் நிலையத்துக்கும் போன் மாறிப் போயிருக்கிறது. "அம்மாம் பெரிய பள்ளத்துல, இருட்டுல, ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியல. ஆனா நாலா பக்கத்துலேருந்தும் கத்துறாங்க" என்றார். பம்புகள் ஓடிக்கொண்டேதான் இருந்தன.

அதே காலையில் எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றும் அம்மா வந்தார். "என்னாம்மா, ராத்திரி பூரா ஒரே சத்தமா கெடந்துச்சு?" என்று கேட்டார். அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு, பால் செம்பை இறக்கி வைத்தார். "எங்க ஊர்லயும் கூத்து வெச்சா இப்படித்தாம்மா. பொழுது விடிய ஊரே முழிச்சிருக்கும். அந்த ஊரு இப்ப பள்ளத்துல போயிடுச்சு" என்றார். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. சந்தோஷத்துக்குச் சந்தோஷமாக, தன்னிடம் இருந்த ஒன்றை எடுத்து வைத்தார்.

வயது ஏற ஏறத்தான் அந்தச் சொல் எவ்வளவு கனமானது என்று உறைத்தது. சுரங்கத்துக்காக நிலம் கொடுத்த கிராமங்களில் ஒன்று அவருடையது. அவருக்கு இருந்த ஊர் போய்விட்டது. எங்களுக்கோ அங்கே ஒரு சென்ட் நிலமும் சொந்தமில்லை. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அப்பாவும் கொடுத்தார். நாங்கள் கொல்லையில் வைத்த மாமரமும் முருங்கையும் வேறு யாரோ வீட்டு மரங்கள் ஆயின. அண்ணாச்சி தெற்கே போனார், மாமா பாலக்காட்டுக்குப் போனார். பிறந்த வீட்டைக் காட்டுகிறேன் என்று பிள்ளைகளை அழைத்துப் போய், கேட்டுக்கு வெளியே நின்று காட்டிவிட்டுத் திரும்புவதுதான் எங்கள் தலைமுறையின் பாத்தியதை. சொந்தம் என்று எங்களிடம் மிஞ்சியிருப்பவை அந்த இரவைப் போன்றவை மட்டுமே.

இப்படி ஓர் இரவு வேறு ஊர்களுக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூகாஸில் நகரமும் நிலக்கரியால் பிழைத்த ஊர்தான். 1997-ல் அங்கிருந்த பெரிய உருக்காலையை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அந்த ஊரின் ரக்பி லீக் அணியான நைட்ஸ், சிட்னியில் நடந்த இறுதி ஆட்டத்தில் மேன்லி அணியோடு 16-16 என்று சமநிலையில் இருந்தது. கடைசி நொடிகளில் ஆண்ட்ரூ ஜான்ஸ் கொடுத்த பந்தோடு டேரன் ஆல்பர்ட் கோட்டைத் தாண்ட, 22-16 என்று வென்றது. வேலை போகப்போகிற ஊர், விடிய விடியத் தெருவில் நின்றது. அங்கேயும் அன்றைய இரவில் எங்கே இருந்தாய் என்று கேட்டுக்கொள்ளும் தலைமுறை ஒன்று உண்டு. அவர்களுக்காவது ஆடியது தங்கள் ஊர் அணி. லார்ட்ஸில் ஆடியவர்களில் நெய்வேலிக்காரர் ஒருவரும் இல்லை. ஆனால் பிழைக்க வந்த இடம் எனக்கு ஊராக மாறியது அந்த இரவில்தான். ஒன்றாகச் சேர்ந்து தவித்து, ஒன்றாகச் சேர்ந்து விழித்திருந்தவர்களுக்கு அதற்குப் பிறகு "ஊருக்குப் போறோம்" என்று சொல்லும்போது சிறிய தயக்கம் வந்தது.

நெய்வேலியைப் பற்றி எழுதப்படுவதெல்லாம் டன் கணக்கும் மெகாவாட் கணக்குமாக இருக்கிறது. அது வேண்டியதுதான். கூடவே அங்கே விழித்திருந்த இரவுகளும் எழுதப்பட வேண்டும். வட்டங்களில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பலர் இப்போது இல்லை. பள்ளத்துக்குள் போன ஊர்களில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்கள் அதைவிட வேகமாகக் குறைந்து வருகிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்களிடம் 1983-ஐக் கேட்டு எழுதி வைப்போம். பால் ஊற்ற வந்தவரிடமும், ஒப்பந்த வேலைக்கு வந்தவரிடமும், அவர்கள் ஊரில் என்ன கூத்து நடந்தது, யார் ஆடினார்கள், எந்தத் தெருவில் பந்தல் போட்டார்கள் என்று கேட்டு எழுதி வைப்போம். இரண்டும் சேர்ந்ததுதான் நெய்வேலி.